சிலிண்டர் பிடித்தவள்

செவ்வாயின் மூன்றாம் குவிமாடத்தில் ஒளிப்பதிவாளர் என்றொரு வேலை கிடையாது. குழந்தை பிறந்த ஐந்தாம் நாள், மஞ்சள்காமாலைச் சோதனையோடு சேர்த்து, கழுத்தெலும்புக்குக் கீழே அரிசியளவில் ஓர் உணர்மணியைப் பதித்துவிடுவார்கள். துக்கமோ காதலோ கோபமோ, மனதில் எது பொங்கினாலும் அது துடிக்கும். உணர்விழி என்ற பறக்கும் கேமரா, கூட்டத்தில் யாருடைய மணி அதிகம் துடிக்கிறதோ அவர் முகத்துக்கு முன்னால் போய் நின்றுகொள்ளும். ஒரு கல்யாணத்தில் அது மாப்பிள்ளையை விட்டுவிட்டுப் பெண்ணின் பழைய வகுப்புத் தோழனையே நாலு மணி நேரம் எடுத்தது. வழக்கு இன்னும் நடக்கிறது.

அந்தக் குவிமாடத்துக் கலைக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் இளம்பரிதிக்கு இதெல்லாம் தெரியும். இருந்தாலும், தன்னைவிட உணர்ச்சிமயமான ஆள் குவிமாடத்திலேயே இல்லை என்பது அவன் எண்ணம். ஆகவே கலைவிழாப் பாடல் காணொளிக்கு இயக்குநரும் அவனே, நாயகனும் அவனே. பாட்டு மட்டும் வகுப்புத் தோழி ஜெனோவாவுடையது. அவளுடைய அண்ணன் வியாழன் பக்கம் வேலைக்குப் போனபோது, காற்றடைப்புக் கதவருகே நின்று அவள் முணுமுணுத்த மெட்டு. பாடியதும் அவள்தான். எடிட்டர் நாச்சியப்பன் ஒரே பொத்தானில் அந்தக் குரலை இளம்பரிதியின் குரலாக மாற்றிவிட்டான்.

"கேட்டா யாரு பாடுனதுன்னே தெரியாது" என்றான் பெருமையாக. அதை ஜெனோவாவிடமே சொன்னான்.

ஒத்திகைப் படப்பிடிப்பு பழைய கீரைக்கூடத்தில் நடந்தது. செடிகள் செத்துப்போன இடம். காற்று மெல்லிசு. இரண்டு வரிக்கு ஒரு முறை குழாயில் மூச்சு இழுக்காவிட்டால் நாயகன் மயங்கி விழுவான். யாராவது பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஜெனோவா பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏய் ஜெனோவா, தள்ளி நில்லு. உன் முழங்கை உள்ள வருது."

"தள்ளினா குழாய் எட்டாது பரிதி. அப்புறம் அந்த ரெண்டாவது வரி, அங்க இப்படிக் கையை விரிக்காத. அது சத்தமே இல்லாம அழுற இடம்."

"நீ எனக்கு நடிப்புச் சொல்லித் தர்றியா?"

"என் பாட்டுடா அது."

"பாட்டு உன்னுதுதான், யாரு இல்லைன்னா? மூஞ்சி யாருதுங்கறதுதான் இங்க கேள்வி."

சுற்றி நின்ற படக்குழுவில் பதினோரு பேர் சிரித்தார்கள். ஜெனோவாவும் சிரித்தாள். சிலிண்டரைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். படப்பிடிப்பு தொடர்ந்தது.

துறைத்தலைவர் சுலைகா மேடத்துக்கு ஒரு விதி உண்டு. எந்த ஒத்திகையையும் வெட்டாமல் ஒட்டாமல், மதியச் சாப்பாட்டு நேரத்தில் மெஸ்ஸில் எல்லோர் முன்னாலும் திரையிட வேண்டும். பிறகு இயக்குநர் எழுந்து 'கற்ற பாடங்கள்' படிவத்தை வாசிக்க வேண்டும். அதன் பிறகுதான் அசல் படப்பிடிப்புக்கு அனுமதி. இளம்பரிதி படத்தைப் பார்க்கும் முன்பே படிவத்தை நிரப்பி வைத்திருந்தான். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

பாட்டு மூன்று நிமிடம் நாற்பது விநாடி. அதில் நாயகன் தெரிந்தது இரண்டு விநாடி, அதுவும் குழாய் மூக்கில் மாட்டிக்கொண்டபோது. மீதி முழுக்க ஜெனோவாவின் முகம். இளம்பரிதியின் குரலில் அவள் அண்ணன் போய்க்கொண்டிருந்தான். இடையில் அந்த வாக்கியம், 'மூஞ்சி யாருதுங்கறதுதான்', துல்லியமாகக் கேட்டது. பதினோரு பேரின் சிரிப்பு கேட்டது. அவளும் சிரிப்பது தெரிந்தது. உணர்விழி அந்தச் சிரிப்புக்கு இன்னும் நெருங்கிப் போயிருந்தது. உதடு மட்டும் சிரித்தது.

பாசிச் சாம்பாரைக் கையில் வைத்திருந்த இருநூறு பேர் கீழே வைக்கவில்லை, குடிக்கவும் இல்லை.

"படிவத்தைப் படிப்பா" என்றார் சுலைகா மேடம்.

இளம்பரிதி எழுந்தான். படிவத்தில் வேறெதுவும் இல்லை. இருந்ததைத்தான் படிக்க முடியும்.

"பாடம் ஒன்று. சிலிண்டர் பிடிப்பவர் படத்துக்கு வெளியே நிற்க வேண்டும்."

எங்கோ ஒரு ஸ்பூன் விழுந்தது. இரண்டாம் பாடத்தை அவன் படிக்கவில்லை. காது மடல் எரிந்தது. கழுத்தெலும்புக்கடியில் அரிசி பொரி ஆகிக்கொண்டிருந்தது.

மறுநாள் நாச்சியப்பனிடம் ஜெனோவாவின் குரலையே திருப்பி வைக்கச் சொன்னான். அவளிடம் போய், தரையைப் பார்த்துக்கொண்டு, "நீயே நடுவுல நின்னு பாடு. நான் சிலிண்டர் பிடிக்கிறேன்" என்றான்.

"சரி" என்றாள்.

இன்னொரு வார்த்தையும் சொல்ல வேண்டியிருந்தது. தொண்டை வரை வந்தது. படப்பிடிப்பு முடிந்ததும் நிதானமாகச் சொல்லலாம் என்று விழுங்கிவிட்டான்.

அசல் படப்பிடிப்பில் ஜெனோவா நன்றாகப் பாடினாள். தன் பாட்டைத் தானே பாடுகிற நிம்மதியில், அமைதியாக, பிசிறில்லாமல். உணர்விழி அவளை ஒரு முறை சுற்றி வந்தது. பிறகு மெல்லத் திரும்பி, சிலிண்டர் பிடித்தவன் முகத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டது. கடைசி வரை நகரவில்லை. அவன் தள்ளி நின்று பார்த்தான். குழாய் எட்டவில்லை.

முதல் பரிசு. 'குற்றவுணர்வை இத்தனை நுட்பமாக நடித்த முகத்தை இந்தக் குவிமாடம் கண்டதில்லை' என்றது நடுவர் குழு. மேடையில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஏறினான். ஒலிவாங்கி முன்னால் வந்ததும், "நன்றி" என்றான். ஜெனோவா மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாள்.

அதற்குப் பிறகு 'வெட்கப்பாட்டு' என்று ஒரு புது வகை கிளம்பியது. மாணவர்கள் ஒத்திகையில் யாரையாவது நாலு பேர் முன்னால் மட்டம் தட்டினார்கள். அப்போதுதான் அசலில் தங்கள் முகம் குற்றவுணர்வோடு நன்றாக விழும். பெரியவர்கள் மனைவியிடமும் அலுவலக உதவியாளரிடமும் கேட்க வேண்டிய மன்னிப்பை உணர்விழியிடம் கேட்டு, குவிமாடம் முழுக்க அனுப்பினார்கள். மன்னிக்க வேண்டியவர்களுக்கும் அது பிறரைப் போலவே வந்து சேர்ந்தது. பார்த்துவிட்டு இதயம் போட்டார்கள். கல்லூரி நிர்வாகம் சுலைகா மேடத்தின் படிவத்தில் ஒரு வரி சேர்த்தது: 'ஒத்திகையில் அவமதிக்கப்பட்டவரின் பெயர், வரிசை எண்.'

அந்த வரியைப் பார்த்த அன்றுதான் இளம்பரிதி மெஸ்ஸுக்கு ஓடினான். ஜெனோவா தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஜெனோவா, ஒரு நிமிஷம். நான் உங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். அன்னிக்கு நான் பேசுனது தப்பு. அதுக்கப்புறம் பேசாம இருந்தது அதைவிடத் தப்பு."

அவள் ஈரக்கையால் முன்முடியை ஒதுக்கிக்கொண்டாள். அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள்.

"கேமரா எங்க?"

"எடுத்துட்டு வரலை."

"ஓ" என்று தட்டை உதறினாள். "அப்ப இது ஒத்திகையா?"