அறுத்த வயலில் அழைத்தது

கைவலை கனத்தது. அதில் இருந்ததோ உதிர்ந்த நெல் ஒரு பிடிதான். ஆனாலும் கம்பூனின் மணிக்கட்டை யாரோ கீழே பிடித்து இழுப்பதுபோல் வலைக்கம்பு தாழ்ந்துகொண்டே போனது.

பொழுது சாய்கிற நேரம். பக்கத்து வயல்களில் கொளுத்திய அரிதாளின் புகை தரையோடு தரையாகத் தவழ்ந்து வந்து கண்ணைக் கரித்தது. அறுப்பு முடிந்ததும் வீட்டுப் பெண் தனியாக வயலுக்குப் போய், சிதறிய மணிகளைக் கைவலையில் அள்ளி, "நெல்லின் உயிரே, வெயிலிலும் பனியிலும் இங்கே கிடக்காதே, களஞ்சியத்துக்கு வா" என்று அழைத்துக்கொண்டு வர வேண்டும். கைவலை யார் கையில் இருக்கிறதோ அவர் பின்னால்தான் அழைக்கப்பட்டது வரும். வீடு சேரும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது. நெல்லைத் தவிர யார் பெயரையும் வாயில் எடுக்கவும் கூடாது. இருபத்தேழு அறுப்புகளாக அவள் ஒரு சொல் பிசகியதில்லை. இன்று பிசகினாள். வேண்டுமென்றேதான்.

எல்லாம் காலையில் பட்ட அவமானம். வட்டார அலுவலக வாசலில் கம்னான் சங்கியாம் ஊர்ச் சரித்திரப் பலகையைத் திறந்துவைத்தான். பதினோரு கிராமத்துக்கும் தலைவன், அதாவது கம்னான், அவன். அப்பனும் பாட்டனும் அதே பதவியில் இருந்தவர்கள். மனித வாடையே இல்லாத காட்டை அவன் பாட்டன் திருத்தினானாம். கால்வாய் வெட்ட ஜனங்கள் சிரித்த முகத்தோடு நிலம் கொடுத்தார்களாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பயல்! அந்தக் கால்வாய்க்குக் குறுக்கே நின்று மறித்தவன் அவள் புருஷன் தோங்சாய். மறுநாள் ஆளைக் காணவில்லை. ஒன்பது வருஷமாயிற்று. பாங்காக்கில் எவளோ பாட்டுக்காரியோடு இருக்கிறான் என்று நரம்பில்லாத நாக்கால் சொல்லிச் சொல்லியே சங்கியாம் ஊரை நம்பவைத்தான். இன்றும் கூட்டத்தின் நடுவே அவளைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"உன் வீட்டுக்காரன் பேரையும் பலகையில போட்டிருப்பேன் கம்பூன். பாட்டுக்காரிகிட்ட அனுமதி வாங்கணுமேன்னு விட்டுட்டேன்!"

ஊரே சிரித்தது. தோங்சாயின் சொந்தத் தம்பியும் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு காதில் ஒலிக்கத்தான் நடுவயலில் நின்று கத்தினாள். "தோங்சாய்! உசுரோட எங்கயாச்சும் கூத்தடிச்சிக்கிட்டு இருந்தா அங்கயே கெட. இந்த மண்ணுல கெடந்தா எந்திரிச்சு வா. உன்கூட யாரு கெடந்தாலும் கூட்டிட்டு வா!"

ஓடிப்போனவனா, செத்தவனா? அவளுக்கு அது தெரிந்தாக வேண்டும். ஒன்பது வருஷமாக அந்த ஒரு கேள்வியோடுதான் படுத்து எழுந்தாள்.

இப்போது வலை கனத்தது. சில்வண்டுகள் வாயடைத்தன. சேற்று வாடை வந்தது. தண்ணீர் அடைத்து ஒரு மாதமான கால்வாயில் சேறு ஏது? முதுகுக்குப் பின்னால் அரிதாள் நொறுங்கியது. ஒரு அடி. பிறகு ஒன்று. பிறகு பல.

அவள் கரையேறும்போது எதிரே மோட்டார் சைக்கிளில் சங்கியாம் வந்து நிறுத்தினான். கால்வாய்க் கரை வழியாகத்தான் அவன் தினமும் வீடு திரும்புவான்.

"என்னம்மா, நெல்லக் கூப்புடுறியா, புருஷனயா?"

"ரெண்டயும்தான்."

"அட! வந்தா சொல்லியனுப்பு, பன்னி அடிச்சு விருந்தே வச்சு…"

அவன் பார்வை அவள் தோளைத் தாண்டிப் போயிருந்தது. உதட்டில் இருந்த சிகரெட் நழுவிச் சட்டையில் விழுந்ததும் அவனுக்குத் தெரியவில்லை.

"அவனுங்கள… அவனுங்கள எதுக்கும்மா கூப்பிட்ட?"

அவனுங்களை. ஒருவனை அல்ல.

ஆக, பாங்காக்கும் இல்லை, பாட்டுக்காரியும் இல்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

"எத்தன பேருய்யா?"

"எங்க தாத்தா காலத்து ஆளுங்ககூட…" அவன் கும்பிட்டான். "கூட்டிட்டுப் போயிரும்மா. நீதான கூப்பிட்ட? களஞ்சியத்துல ஏத்திக் கதவச் சாத்திரு. உன் கால்ல விழுறேன்."

"என் வயல்ல பொதைக்கும்போது என் கால்ல விழுந்தியா?"

கைவலையை அவன் வண்டியின் கைப்பிடியில் மாட்டினாள். வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்தது.

"உன் ஊரு சரித்திரம்யா இது. நீயே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

திரும்பாமல் நடந்தாள். இரண்டு பக்கமும் குளிர்ந்த ஏதோ உரசிக்கொண்டு எதிர்த்திசையில் போனது. ஒன்றன்பின் ஒன்றாக. வெகுநேரம். வண்டியை உதைக்கும் சத்தம். மறுபடி உதைக்கும் சத்தம். ஒரு அலறல், பாதியில் அறுந்தது.

அவள் நடந்தாள். தன் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. களத்து மேட்டைத் தாண்டும்போது இன்னொன்றும் கேட்டது. ஈரமான காலடி. இடது காலைச் சற்றே இழுத்து நடக்கும் நடை. அந்த நடையோடு பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவள் அவள். பெயர் சொல்லிக் கூப்பிட்டது அவனை மட்டும்தானே; அவன் வலையின் பின்னால் போகவில்லை.

மரக்கால்கள்மேல் நின்ற வீட்டுக்கு ஏணியேறிப் பலகைத் தரையில் உட்கார்ந்தாள். ஏணி மறுபடி முனகியது. வீடு வந்தாயிற்று, இனித் திரும்பிப் பார்க்கலாம். கழுத்து திரும்பவில்லை. முதுகுக்குப் பின்னால் எதுவோ உட்கார்ந்தது. சேற்று நீர் பலகை வழியே ஊர்ந்து வந்து அவள் பாவாடையை நனைத்தது.

"சாப்பிட்டியா?" என்றாள்.

மூங்கில் கூடையைத் திறந்து, ஒட்டரிசிச் சோற்றை உருட்டி, தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினாள். ஒரு வாய் அதை வாங்கிக்கொண்டது. உள்ளே நாக்கு இல்லை. மண்தான். இன்னொரு உருண்டை. இன்னொன்று. ஒன்பது வருஷப் பசி.

கூடை காலியானது.

வாய் அவள் விரல்களை விடவில்லை.