கிணற்றடியில் சஃபா

மூன்று வயது சஃபா சொம்பைக் காட்டித் தண்ணீர் கேட்டாள். வாயிலிருந்து வந்த சொல் மட்டும் தமிழில்லை. தொண்டைக்குள் சரளைக்கல் உருண்டதுபோல் இருந்தது.

"அப்பனும் சின்னதுல இப்படித்தான் கோழி பாஷ பேசுவான்," என்று மாமியார் குல்சும் சிரித்துக்கொண்டே தூங்கப் போனாள்.

பிள்ளையின் உம்மா சூஃபியா சிரிக்கவில்லை. அந்தச் சொல்லைக் கணவன் இர்பானின் வாய்ஸ் மெசேஜில் கேட்டிருந்தாள். அவனுக்கு அங்காராவில், பழைய கோட்டையடியில் கட்டட வேலை. பிள்ளை வாப்பாவின் குரலை மறந்துவிடக்கூடாதென்று தினமும் அதைப் போட்டுத்தான் சோறு ஊட்டுவாள். உச்சிப்புளியில் பல வீடுகளில் அப்படித்தான். ஒரு மாதமாக அவன் பேச்சில் புரியாத சொற்கள் கூடிக்கொண்டே வந்தன. துருக்கி பாஷை பழகுகிறான் என்று நினைத்துவிட்டாள்.

மொட்டைமாடியில் துணி எடுக்கையில் புது மெசேஜ் வந்தது. சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கினான்.

"சூஃபியா... இது துருக்கி பாஷ இல்ல. அஸ்திவாரம் தோண்டையில பழங்கிணறு வந்துச்சு. உள்ள ஆளுக பேசுறாக. அந்தப் பேச்சக் கேக்க வந்த காலேசு டீச்சரம்மா சொன்னுச்சு, கலாத்தியருன்னு கெல்டிக் சனம் முன்ன இந்த ஊர்ல இருந்துச்சாம். அவுக பாஷ செத்து ஆயிரத்தைந்நூறு வருசமாச்சாம். மறுநாளு அந்தம்மாவும் அதையே பேசுது. எனக்கும் தமிழு போகுது. என் குரல புள்ளைக்குப் போட்டுறாத."

அதற்குப் பிறகு சரளைச் சத்தம் மட்டும்.

அவள் அவனுடைய மெசேஜ் எல்லாவற்றையும் அழித்தாள். பக்கத்துத் தளத்து நேவி விமானம் ஒன்று வீட்டை அதிரவைத்துக் கடந்தது, அது போன பின்னும் பனையோலைகள் உரசிக்கொண்டேயிருந்தன, கொடியில் கிடந்த ஈரத்துணிகளின் சோப்பு வாசத்துக்கு அடியில் பல காலம் மூடிக்கிடந்த தண்ணீரின் நாற்றம் மெல்ல ஏறி வந்தது. கீழே ஒரு குரல். சஃபாவுடையது.

எட்டிப் பார்த்தாள்.

கொல்லைக் கிணற்றடியில் பிள்ளை. துவைக்கிற கல்லில் ஏறி நிற்கிறாள். கைப்பிடிச் சுவரில் வயிறு. தலை உள்ளே. ஏதோ கேட்கிறாள். நிறுத்துகிறாள்.

கிணறு பதில் சொல்கிறது. இர்பானின் குரலில்.

இறங்கி ஓட நேரமில்லை. கூப்பிட வேண்டும். 'சஃபா, கீழ இறங்கு.' அவ்வளவுதான். சூஃபியா வாயைத் திறந்தாள்.

சரளை உருண்டது.

சஃபா நிமிர்ந்து பார்த்தாள். உம்மா சொன்னது புரிந்தது போலிருந்தது. சமர்த்தாகத் தலையாட்டினாள்.

ஒரு காலைத் தூக்கிச் சுவரின்மேல் வைத்தாள்.