இரண்டு தட்டல், பிறகு மூன்று

அவர்கள் அந்த ஹோட்டலுக்கு வந்து சேர்ந்தபோது மதியம் பன்னிரண்டு தாண்டியிருந்தது. மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. கட்டடத்தின் பின்சுவரை ஒட்டியே ஆறு போனது. அகலமாக, பழுப்பாக, சத்தமில்லாமல்.

நான்கு பேர். அப்பா லிப்ட் மெக்கானிக். அம்மா ஒரு மருத்துவமனையின் எலும்பு முறிவு வார்டில் நர்ஸ். மகளுக்கு ஒன்பது வயது. எந்த விதியைச் சொன்னாலும் அதன் எழுத்துப்படி நடப்பாள், மற்றவர்களையும் நடக்க வைப்பாள் என்பதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். மகனுக்கு ஐந்து வயது. அவன் பொடியன்.

"ஆத்தைப் பார்த்த மாதிரி ரூம் கிடைக்குமா? பசங்க அதைக் கேட்டுத்தான் உயிரை வாங்கறாங்க," என்றார் அப்பா.

வரவேற்பு மேசையில் இருந்த பெண் பதிவுப் புத்தகத்தைத் திருப்பினாள். "முதல் மாடில கடைசி ரூம் இருக்கு சார். அதுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. பசங்க ஆட்டம் போட்டாலும் யாரும் கம்ப்ளைன்ட் பண்ண மாட்டாங்க."

"நீங்க எங்க பசங்களைப் பார்த்ததில்லை," என்றாள் அம்மா. "அக்கரையிலேர்ந்து தோணி பிடிச்சு வந்து கம்ப்ளைன்ட் பண்ணுவாங்க."

அறை பெரியது. ஒரு இரட்டைக் கட்டில், இரண்டு சிறிய கட்டில்கள், ஆற்றைப் பார்த்த அகலமான ஜன்னல். கட்டில்களுக்கு எதிர்ச்சுவரில் தரைவரை தொங்கிய தடித்த திரை. அங்கே ஜன்னல் இருக்க வழியில்லை என்பது மெக்கானிக்கின் கண்ணில் பட்டது. திரையை விலக்கினார். பின்னால் ஒரு கதவு. குடும்பமாக வருபவர்கள் இரண்டு அறைகளைச் சேர்த்து எடுத்தால் திறந்துவிடுவார்களே, அந்த மாதிரிக் கதவு. மேல்தாழ்ப்பாள் இந்தப் பக்கம் இருந்தது. திறந்து பார்த்தார். ஒரு சாண் இடைவெளி விட்டு இன்னொரு கதவு. அதற்கு இந்தப் பக்கம் கைப்பிடி கிடையாது. தாழ்ப்பாள் அந்தப் பக்கம் இருக்க வேண்டும். இரண்டு அறைக்காரர்களும் சம்மதித்தால்தான் வழி திறக்கும்.

இடைவெளியிலிருந்து வண்டல் வாடை வந்தது. கடைசி அறைக்கு எதற்குப் பக்கத்துக் கதவு என்று ஒரு கணம் தோன்றியது. சாமான் அறையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு தாழிட்டார்.

"அந்தப் பக்கம் யாருப்பா?" என்றாள் வக்கீல்.

"யாருமில்ல. காலி."

பிறகு தேநீர் வாங்கி வரக் கீழே போனார். திரும்பி வந்து அறைக்கதவைத் தட்டினார். இரண்டு. சிறு இடைவெளி. பிறகு மூன்று.

அது அவருடைய தொழிலிலிருந்து வீட்டுக்கு வந்த பழக்கம். லிப்ட் ஓடும் குழிக்குள் குரலை நம்ப முடியாது. சுவர்களில் மோதிச் சிதறிவிடும். அதனால் உள்ளே இறங்கியவன் இரும்பில் தட்டுவான். இரண்டு, பிறகு மூன்று. நான் இங்கே உயிரோடு இருக்கிறேன், என்னை விட்டுவிட்டு எதையும் இயக்காதே என்று அர்த்தம். அப்பா அம்மா இருவருக்கும் ஷிப்ட் வேலை. பிள்ளைகள் தனியாக இருக்கும் நேரம் அதிகம். எதிர்வீட்டில் ஒருவன் மாமா பேசுகிறேன் என்று சொல்லிக் கதவைத் திறக்க வைத்து உள்ளே நுழைந்த பிறகு, மெக்கானிக் இதை வீட்டு விதியாக்கினார்.

விதி வக்கீலுக்கு மனப்பாடம். "இந்தத் தட்டல் கேட்டா, எந்தக் கதவா இருந்தாலும் திறக்கணும். கேட்கலைன்னா, அப்பாவே வந்து கத்தினாலும் திறக்கக் கூடாது."

அவள் ஓடி வந்து திறந்தாள். தேநீரை மேசையில் வைத்தபோது திரைக்குப் பின்னால் டக் டக் என்று இரண்டு முறை கேட்டது.

"குழாய்," என்றார் மெக்கானிக். பழைய கட்டடங்களில் தண்ணீர்க் குழாய் அப்படித்தான் தட்டும்.

பொடியன் பிஸ்கட் கேட்டான். மறுபடி கீழே போய், மறுபடி வந்து, மறுபடி தட்டினார். இந்த முறை திரைக்குப் பின்னால் இரண்டு கேட்டது. பிறகு இடைவெளி விட்டு இன்னொன்று.

"குழாய் கத்துக்குதுப்பா," என்றாள் வக்கீல்.

அம்மா சிரித்தாள். அவரும் சிரித்தார்.

மூன்று மணிவாக்கில் லிப்ட் நின்றுபோனது. விடுமுறையில் வந்திருந்தாலும் மெக்கானிக்கால் அதைக் கேட்டுவிட்டுப் படுத்திருக்க முடியாது. "ஏங்க, ஊர்ல இருக்கற லிப்டெல்லாம் உங்க தலையிலதானா?" என்றாள் அம்மா. "சும்மா எட்டிப் பார்த்துட்டு வரேன்," என்று கிளம்பினார். அறைக்கு ஒரே சாவி அட்டைதான். அது விளக்கு எரிவதற்காகச் சுவரில் செருகியபடியே இருந்தது. அம்மா பொடியனைக் குளிப்பாட்டக் குளியலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். வக்கீல் கட்டிலில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

கீழே ஹோட்டலின் எலக்ட்ரீஷியன் லிப்ட் கதவை நெம்பிக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கிய மனிதர். மெக்கானிக் கை கொடுத்ததும் பேச்சு வளர்ந்தது.

"எந்த ரூம் தம்பி?"

"முதல் மாடி, கடைசி. பக்கத்து ரூம் குழாயைக் கொஞ்சம் பாருங்கண்ணே. தட்டிக்கிட்டே இருக்கு."

எலக்ட்ரீஷியன் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார்.

"பக்கத்துல ரூமே இல்லையே. அந்தக் கடைசிப் பகுதியை ஆறு எடுத்துட்டுப் போயிடுச்சு. நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம். மிச்சம் நின்ன சுவருக்குப் பின்னால செங்கல் வெச்சு அடைச்சோம். அந்தக் கதவை மட்டும் அப்படியே விட்டுட்டாங்க."

"யாராவது இருந்தாங்களா அப்போ?"

"ஒரு அம்மா, மூணு பிள்ளைங்க. தண்ணி ஏறினதும் நடுக்கதவைத் தட்டியிருக்காங்க. அவங்க பக்கம் திறந்தாச்சு. உங்க ரூம்ல இருந்தவங்க திறக்கலை. திறந்திருந்தா தண்ணி இவங்களையும் கொண்டுபோயிருக்கும். குத்தம் சொல்ல முடியாது. ரொம்ப நேரம் தட்டினாங்களாம்."

மெக்கானிக் அதற்குள் படிகளில் ஏறிக்கொண்டிருந்தார்.

கடைசி அறை பூட்டியிருந்தது. தட்டினார். இரண்டு. பிறகு மூன்று.

யாரும் திறக்கவில்லை.

உள்ளே தூரத்தில் குளியலறைத் தண்ணீர் விழும் சத்தம். அதற்கு இந்தப் பக்கம், அறைக்குள்ளிருந்து, பதில் வந்தது.

இரண்டு.

பிறகு மூன்று. சரியான இடைவெளியோடு.

"கண்ணு, திறக்காதே," என்று கத்தினார்.

விதிப்படி, எந்தக் கதவில் தட்டல் கேட்டாலும் திறக்க வேண்டும். கத்தலை நம்பக் கூடாது.

தாழ்ப்பாள் இறங்கும் சத்தம் கேட்டது. அவர் நின்ற கதவின் தாழ்ப்பாள் அல்ல. பிறகு மகள் அலறினாள்.

நடையில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டரைப் பிடுங்கிப் பூட்டில் இடித்தார். மூன்றாவது இடியில் சட்டம் பிளந்தது. நான்காவதில் கதவு உள்ளே விழுந்தது.

திரை கிழிந்து தொங்கியது. நடுக்கதவு விரியத் திறந்திருந்தது. அதற்குப் பின்னால் இருந்த இரண்டாவது கதவைக் காணவில்லை. செங்கல்லையும் காணவில்லை. பகல் வெளிச்சம் அந்த நிலைப்படி வரை வந்து அங்கேயே நின்றது. உள்ளே இருட்டும் வண்டல் வாடையும்தான்.

மகள் தரையில் மல்லாந்து கிடந்தாள். இடுப்புவரை இருட்டுக்குள் போயிருந்தது. தலைக்கு மேலே நீட்டிய இரண்டு கைகளாலும் சிறிய கட்டிலின் காலைப் பிடித்திருந்தாள். கட்டில் இரண்டடி இழுபட்டிருந்தது.

அவர் தோள்களைப் பிடித்து இழுத்தார். அந்தப் பக்கமும் இழுத்தது. அது ஆளைத் தூக்க முயலும் இழுவை அல்ல. மூழ்குகிறவர்கள் கைக்குக் கிடைத்ததைப் பற்றி இழுக்கிற இழுவை. மகளின் இடது தோள் அவர் கைக்குள்ளேயே கழன்றது. காலில் ஏதோ முறிந்தது.

அம்மா ஈர உடையோடு ஓடி வந்தாள். முறிந்த சத்தத்தைக் கேட்டவுடனே எந்த எலும்பு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மகளின் அக்குளுக்குள் கைகளைக் கோத்துப் பின்னால் சாய்ந்தாள். "அடிங்க," என்றாள். "கையை அடிங்க."

அந்த இழுப்பில் மகளின் தொடை வெளிச்சத்துக்கு வந்தது. முழங்காலுக்கு மேலே ஒரு கை தெரிந்தது. ஒரு பெண்ணின் கை. ஊறி வெளுத்து, நகமெல்லாம் பெயர்ந்து. மெக்கானிக் சிலிண்டரின் அடிப்பாகத்தால் அதை அடித்தார். விரல்கள் நசுங்கின. விடவில்லை. மீண்டும் அடித்தார். மணிக்கட்டு உடைந்து தொங்கியது. அப்போதும் விடவில்லை. அவர் தன் கையை நுழைத்து அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்தார். இருட்டுக்குள் ஏதோ அவர் சுண்டுவிரலைக் கடித்தது. எலும்புவரை கடித்து, முறுக்கி, எடுத்துக்கொண்டது.

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கடைசி விரலும் பெயர்ந்தது.

மகள் இரண்டடி வெளியே வந்தாள். முறிந்த கால் வந்தது. கணுக்காலைப் பிடித்தபடி இன்னொரு கையும் வந்தது.

அது சிறிய கை. பொடியனின் கை அளவுதான் இருக்கும்.

அம்மா அதைப் பார்த்தாள். பிறகு மகளை விட்டுவிட்டு எழுந்து, நடுக்கதவைத் தோளால் தள்ளி அந்தக் கையின் மேல் அறைந்தாள். மரத்துக்கும் நிலைக்கும் நடுவே அது நசுங்கியது. கதவை இழுத்து மறுபடி அறைந்தாள்.

உள்ளே ஒரு குழந்தை "அம்மா" என்றது.

துண்டைச் சுற்றியபடி குளியலறை வாசலில் நின்ற பொடியன் வாயைத் திறக்கவில்லை. அவள் திரும்பி அவனைப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். மூன்றாவது முறையும் அறைந்தாள்.

கதவு மூடிக்கொண்டது. தாழ்ப்பாளை ஏற்றினாள். முதுகைக் கதவில் சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி நின்றாள்.

அவள் முதுகுக்குப் பின்னால் தட்டல் கேட்டது. இரண்டு, பிறகு மூன்று. அவசரமில்லாமல், தெரிந்தவர் வீட்டில் தட்டுவது போல. ஆட்கள் வந்து அவளை அங்கிருந்து பிரித்து எடுக்கும்வரை அது நிற்கவில்லை என்று பிறகு சொன்னாள். வந்தவர்களில் வேறு யாருக்கும் கேட்கவில்லை.

அன்று மாலையே ஹோட்டல்காரர்கள் நடுக்கதவைத் திறந்து பார்த்தார்கள். ஒரு சாண் இடைவெளி. இரண்டாவது கதவு. அதை உடைத்தார்கள். பின்னால் செங்கல் சுவர், காய்ந்து, ஒட்டடை படிந்து இருந்தது. மெக்கானிக்கின் விரல் எங்கும் கிடைக்கவில்லை. நடுக்கதவின் விளிம்பில் மட்டும் மூன்று இடங்களில் மரம் உள்வாங்கி நசுங்கியிருந்தது.

மகளின் தோளைச் சரி செய்தார்கள். முழங்காலிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு போட்டார்கள். கட்டுப் போடுவதற்கு முன் அம்மா கணுக்காலைப் பார்த்தாள். ஐந்து விரல் தடம், நீலமாக. அதை யாரிடமும் காட்டவில்லை.

வீட்டில் தட்டும் பழக்கத்தை நிறுத்தினார்கள். எல்லோருக்கும் ஒரு சாவி என்று ஆனது. வக்கீல் அதிகம் பேசுவதில்லை. ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். "கட்டு இறுக்கமா இருக்கும்மா."

"வீக்கம் வடியற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்டா."

வீக்கம் வடிந்தது. இறுக்கம் போகவில்லை.

ஆறு வாரம் கழித்து, காலை பதினோரு மணிக்கு, அம்மா வேலை பார்க்கும் மருத்துவமனையிலேயே கட்டைப் பிரிக்கப் போனார்கள். நான்கு பேரும் போனார்கள். வெள்ளை வெயில். வராந்தாவில் கூட்டம். கட்டுப் பிரிப்பவர் அம்மாவுக்குப் பல வருடப் பழக்கம். வெட்டும் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு பிள்ளையின் பயத்தைப் போக்கப் பார்த்தார்.

"பயப்படாதே பாப்பா. இது மாவைத்தான் வெட்டும், உன்னை வெட்டாது. முதல்ல உள்ள யாராவது இருக்காங்களான்னு கேட்டுக்கறேன்."

விரலை மடக்கிக் கட்டின் மேல் ஒரு தட்டு தட்டினார்.

உள்ளிருந்து பதில் வந்தது.

இரண்டு.

பிறகு மூன்று.

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. யாரோ வேடிக்கை செய்கிறார்கள் என்று நினைத்து மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"நான் சொன்னேன்லம்மா," என்றாள் வக்கீல், மிகத் தாழ்ந்த குரலில். "அவன் இன்னும் விடலை."

பொடியன் அப்பாவின் நான்கு விரல் கையைப் பிடித்து இழுத்தான். "அப்பா, நம்ம தட்டல்தானே. திறக்கணும்ல?"

கட்டுப் பிரிப்பவரின் கட்டைவிரல் பழக்கத்தில் பொத்தானை அழுத்தியது. கருவி உறுமியது. அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்து ஒதுக்கினாள். "வேண்டாம்," என்றாள். "இருக்கட்டும்."

பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் மாவுக்கட்டின் மேல் பதித்து, அன்று கதவைத் தள்ளியது போலவே, தன் முழு எடையையும் வைத்து அழுத்தினாள்.

மறுபடி தட்டல் கேட்டது. அவள் உள்ளங்கைக்கு நேர் கீழே.