ஏரிக்கு நீட்டுன வெறுங்கை

அந்தப் படத்துல இருபத்தேழு பேரு நிக்கிறாங்க. இருபத்தாறு பேரு வாயிலருந்து புகை வருது.

நாரியா மொதல்ல எண்ணிப் பாக்கல. யாரு எண்ணுவா? ஊரே சேந்து உறைஞ்ச ஏரியில வலை இழுத்த அன்னிக்கு அவ எடுத்த படம். மைனஸ் நாப்பத்திரண்டு டிகிரி. அந்தக் குளிர்ல உசுரோட இருக்கிற எது மூச்சு விட்டாலும் புகையாத்தான் வரும், மனுசனுக்கு வரும், குதிரைக்கு வரும், தொழுவத்துக் கதவத் தெறந்தா மாடுக விட்ட மூச்செல்லாம் மேகம் மாதிரி உருண்டு வெளிய வரும். அவ பாட்டுக்கு சாயங்காலம் அடுப்புப் பக்கத்துல கம்ப்யூட்டர மடியில வச்சுக்கிட்டு, பால் ஊத்துன டீ ஆறி ஆடை கட்டுறது கூடத் தெரியாம, படத்த ஒண்ணொண்ணா தள்ளிக்கிட்டே வந்தா. ஏதோ ஒண்ணு கண்ண உறுத்துச்சு. பெருசாக்கிப் பாத்தா.

வரிசையில நாலாவது ஆளு. மத்தவங்க மொகமெல்லாம் அவங்கவங்க மூச்சுலயே பாதி மறைஞ்சு கெடக்கு. இவன் மொகம் மட்டும் பளிச்சுனு. புருவத்துல உறைபனி இல்ல. கழுத்துத் துணியில வெள்ளை படியல.

அது மிச்சில். அவ புருஷன்.

இப்ப அவ முதுகுக்குப் பின்னாடி, கதவோரமா, மேல்கோட்டு கழட்டாம உக்காந்திருக்கான்.

மூச்ச அடக்கிக்கிட்டு நின்னிருப்பான், படத்துக்குன்னா விறைப்பா நிக்கிற ஆளுதானேன்னு அடுத்த படத்துக்குப் போனா. அதுலயும் இல்ல. அதுக்கடுத்தது, வலைய இழுக்குறாங்க, ஆளாளுக்கு மூச்சு வாங்குது, குதிரை மாதிரி புகை விடுறாங்க. இவன் வாய் தெறந்து சிரிக்கிறான். வாய்க்கு முன்னாடி வெறும் காத்து.

அப்பறம் காலையில எடுத்த படங்களுக்குத் திரும்பிப் போனா. அங்க புகை இருக்கு. நல்லா, கொத்தா, மீசையெல்லாம் வெள்ளையா. அப்ப நடுவுலதான் எங்கயோ நின்னுபோயிருக்கு.

நடுவுல நடந்தது என்னன்னா, சொல்றேன் கேளுங்க.

நாரியாவுக்குப் படம் எடுக்குறதுன்னா சோறு தண்ணி வேண்டாம். காட்டு மரத்துல பனி தொங்குறது, மாத்ரியோனா அக்கா மீனத் தடி மாதிரி பனியில குத்தி நிறுத்தி விக்கிறது, எல்லாத்தையும் எடுப்பா. மாவட்ட நூலகத்துல அவ படத்தயெல்லாம் மாட்டப் போறோம்னு சொல்லியிருந்தாங்க. மொதப் படமா, ஏரிக்குக் குடுக்குற படம் வேணும்னு கேட்டிருந்தாங்க. வலை போடுறதுக்கு முன்னாடி ஐஸ்ல வெட்டுன மொத ஓட்டை கிட்ட மண்டி போட்டு, வெண்ணெய்ல சுட்ட ரொட்டிய ஏரிக்குக் குடுப்பாங்கல்ல, அது.

அன்னிக்குக் காலையில ஊருக்குப் பெரியவரு உய்பான் தாத்தா மண்டி போட்டாரு. ரொட்டிய ரெண்டு கையிலயும் ஏந்தினாரு. நாரியா கேமராவ எடுத்து அழுத்துறா, பேட்டரி செத்துப்போச்சு. குளிர்ல அப்படித்தான் பட்டுனு போகும், அதுக்குத்தான் வேற ஒண்ண அக்குள்ல வச்சிருந்தா. அத எடுத்து மாத்துறதுக்குள்ள ரொட்டி தண்ணிக்குள்ள போயிருச்சு.

"தாத்தா, இன்னொரு தடவ போடுங்களேன்."

உய்பான் நிமிந்து ஒரு பார்வ பாத்தாரு. "என்ன புள்ள, விளையாட்டா? குடுத்தாச்சு. வாங்கிக்கிடுச்சு. திரும்பக் கூப்புட்டு என்னத்தக் குடுப்ப?"

"போட்டோ சரியா வரல தாத்தா."

"ஏரி உங்கிட்ட போட்டோ கேட்டுச்சா?"

மாத்ரியோனா அக்கா ஓட்டைக்கு அந்தப் பக்கம் நின்னு சிரிச்சா. "நாரி, எம்பொழப்பத்தான் தெனம் படம் புடிக்கிற. என்னைய வேணா ஓட்டையில போட்டு எடுத்துக்கயேன். எடை அதிகம், ஏரிக்கும் திருப்தியா இருக்கும்!"

எல்லாரும் சிரிச்சுக்கிட்டே அடுத்த ஓட்டைக்குப் போயிட்டாங்க. நாரியா மொகம் வாடிப்போச்சு. அதப் பாத்து மிச்சிலுக்கு மனசு கேக்கல. அவனுக்கு அவ மேல அப்படி ஒரு பிரியம்.

"ஏய், மூஞ்சியத் தூக்காத. நான் மண்டி போடுறேன், குடுக்குற மாதிரி. சட்டுனு எடுத்துக்க."

"ரொட்டி இல்லியே."

"கைய மூடிக்கிட்டா யாருக்குத் தெரியும்?"

வலது கையுறையக் கழட்டி பனியில போட்டான். மண்டி போட்டான். வெறுங்கையக் குவிச்சு, கருப்புத் தண்ணிக்கு மேல நீட்டுனான். நாரியா மூணு படம் எடுத்தா. "போதும், வா." "நீ போ, நான் ஐஸ் குத்துற தடிய எடுத்துட்டு வர்றேன்"ன்னான். அவ போயிட்டா. திரும்பிக்கூடப் பாக்கல. கொஞ்ச நேரங்கழிச்சு வந்து வரிசையில சேந்துக்கிட்டான். தடி கொண்டு வரல.

வீட்டுக்கு வந்ததுமே பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். ஆனா குளிர்லருந்து வந்த கேமராவ நேரா வீட்டுக்குள்ள கொண்டு வரக் கூடாது, உள்ளுக்குள்ள வேர்த்துக் கெட்டுப்போகும். பையில சுத்தி, அடுப்புச் சூடு வராத வெளி அறையில அஞ்சு மணி நேரம் வச்சிருந்தா. கேமராவுக்கு அவ்வளவு பாத்தா. ஆளு நேரா உள்ள வந்துட்டான்.

இப்ப அந்த மூணு படத்தையும் தெறந்தா. மொதல்ல புகை மேல போகுது. ரெண்டாவதுல புகை வளைஞ்சு நிக்குது. மூணாவதுல...

மூணாவதுல மிச்சிலோட மூச்சு கீழ போகுது. நூலு மாதிரி ஒல்லியா, நேரா, ஓட்டைக்குள்ள. யாரோ உறிஞ்சுற மாதிரி.

"அப்பா மடி ஜில்லுனு இருக்கு"ன்னா குன்னேய். நாலு வயசுப் புள்ள. அவன் மடியில ஏறி உக்காந்திருந்தா.

"இங்க வாடி."

"மாட்டேன். அப்பா கத சொல்லுது."

அவன் வாயத் தெறந்து ஒரு வார்த்தையும் சொல்லல. நாரியா அங்கேயேதான் இருக்கா, அவளுக்குக் கேக்கல. ஆனா புள்ள தலைய ஆட்டுது, ம் கொட்டுது.

"மிச்சில், கோட்ட கழட்டேன். உள்ள இவ்வளவு சூடா இருக்கு."

"சூடாத்தான் இருக்கு"ன்னான்.

மீன் கொழம்பு கொதிச்சுது. தெனமும் மொத அகப்பைய நெருப்புக்குக் குடுக்குறது அவன்தான், அவங்கப்பன் காலத்துலருந்து வந்த பழக்கம், குடிச்சிருந்தா கூட மறக்க மாட்டான். அன்னிக்கு அடுப்புப் பக்கமே வரல. நாற்காலிய இன்னும் கொஞ்சம் கதவு பக்கம் நகத்திக்கிட்டான். தரையில மரம் உரசுற சத்தம். அவன் பக்கத்துலருந்து ஒரு வாடை, வலையோட சேந்து வருமே அடிச்சேறு, அந்த வாடை, குளிச்சாப் போகும்னு நெனச்சது, சூடு கூடக்கூட வளந்துக்கிட்டே வந்து கொழம்பு வாசனைய மூடிருச்சு.

வலது கை முழங்கால் மேல கெடந்துச்சு. உறை இல்லாம நாள் பூரா மைனஸ் நாப்பத்திரண்டுல இருந்த கை. கறுத்து, கொப்புளிச்சுப் போயிருக்கணும். வெள்ளையா, வழவழன்னு, கழுவி வச்ச மாதிரி இருந்துச்சு.

"ஒரு கையுறை எங்க?"

"ஏரியில கெடக்கு."

வீட்டுக்குள்ள யாருக்குமே புகை வராது. வெளிய அனுப்புனாத்தான் தெரியும். குரலச் சாதாரணமா வச்சுக்கிட்டு, "தண்ணிக்கு உருக்கணும், ஒரு ஐஸ்கட்டி எடுத்துட்டு வாயேன்"ன்னா. அவன் புள்ளய எறக்கி விட்டுட்டுப் போனான். நாரியா ஜன்னலுக்கு ஓடுனா. கண்ணாடி பூரா பனிப்பூ. வாய வச்சு ஊதுனா. ஊதி, ஊதி, பெருவிரலால தேச்சு, ஒரு கண்ணு அளவுக்கு வழி பண்ணுனா.

வேலியோரம் ஐஸ்கட்டி அடுக்கியிருக்கு. மேல விளக்கு. விளக்குக்கு அடியில அவன்.

கட்டியத் தூக்குறான். எறக்குறான்.

புகை இல்ல.

நாரியா எண்ணுனா. பத்து. இருபது. நாப்பது. எந்த மனுசன் நாப்பது எண்ணுற வரைக்கும் மூச்ச அடக்குவான்?

அவன் திரும்புனான். அவ்வளவு பெரிய வெள்ளை ஜன்னல்ல அந்த ஒரு கண்ணளவு ஓட்டைய நேராப் பாத்தான். வலது கையக் குவிச்சு, அவ பக்கம் நீட்டுனான். வெறுங்கை.

ராத்திரி நாரியா தூங்கல. புள்ளயச் சொவத்துப் பக்கம் போட்டு, அடுப்புல விறக மாத்தி மாத்தித் திணிச்சா. அவன் கதவோரமாவே உக்காந்திருந்தான். வெளிச்சம் லேசா வந்தப்ப, "குன்னேய மாத்ரியோனா அக்கா வீட்டுல விட்டுட்டு வர்றேன், அங்க இருக்கிற பொம்ம வேணும்னு கேட்டா"ன்னு சொல்லிட்டு, புள்ளயச் செவப்புத் துப்பட்டியில சுத்தி வாரிக்கிட்டு வெளிய வந்தா. வெளிய வந்ததும் மொத வேலையா குன்னேய் மொகத்தப் பாத்தா. சின்ன வாயிலருந்து குட்டிக்குட்டியாப் புகை. அங்கயே அழுதுட்டா.

மாத்ரியோனா அக்கா கதவத் தெறந்தா. "என்னடி, காலங்காத்தால? புருஷன் கூட சண்டையா? கண்ணு வீங்கியிருக்கு."

"நான் வர்ற வரைக்கும் புள்ள இங்கயே இருக்கட்டும் அக்கா. வெளிய விடாதீங்க."

"இந்தக் குளிர்ல எங்க விடப்போறேன்? போ, உம்மூஞ்சிய மொதல்ல கழுவு."

அப்பன் வந்தாலும் குடுக்காதீங்கன்னு சொல்லணும். வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா என்ன நெனப்பாங்க? மிச்சில் மாதிரி ஆள யாரு தப்பாச் சொல்லுவா? ஏரியில அந்த ஓட்டைய நேர்ல பாத்துட்டு வந்து சொல்லுவோம்னு முழுங்கிட்டா. கழுத்துல கேமரா. படம் எடுத்துக் காட்டுனாத்தான் நம்புவாங்க.

ஏரியில ஒரு ஈ காக்கா இல்ல. சூரியன் மரத்துக்கு மேல ஒரு சாண் ஏறி, செவப்பா, சூடே இல்லாம நின்னுச்சு, ரெண்டு பக்கமும், கடுங்குளிர்ல தெரியுமே, ரெண்டு பொய்ச் சூரியன். நடக்குறப்ப பனி கடுக்கு கடுக்குனு பல்லக் கடிக்கிற மாதிரி சத்தம் போடுது. அவ விட்ட மூச்சு உறைஞ்சு, காதோரம் தவிடு கொட்டுற மாதிரி சலசலத்துக்கிட்டே விழுது. அந்தச் சத்தம் ஒண்ணுதான் தொணை.

மொத ஓட்டைய ராத்திரியே ஐஸ் மூடியிருந்துச்சு. பக்கத்துல கையுறை. அவ கையாலேயே தச்சது. அப்படியே கை வடிவத்துல வெறச்சுக் கெடக்குது.

மண்டி போட்டா. மேல கெடந்த பனியத் தள்ளுனா. புது ஐஸ், கண்ணாடி மாதிரி. கீழ கருப்பு.

தேச்சா.

மொதல்ல கை தெரிஞ்சுச்சு. ஐஸுக்கு அடியில, உள்ளங்கை மேல பாத்து, ஒட்டுன மாதிரி.

இன்னும் தேச்சா.

மிச்சில்.

கண்ணு தெறந்திருக்கு. வாய் ஐஸ முட்டிக்கிட்டு இருக்கு. வாய்க்கு மேல, ஐஸுக்குள்ள, வெள்ளை வெள்ளையா குமிழி. முத்து முத்தா. அடுக்கடுக்கா. ரொம்ப நேரம் விட்ட மூச்சு. படத்துல இல்லாத புகையெல்லாம் இங்கதான் இருக்கு. நூறடி தள்ளி நின்னு மத்தவங்க சிரிக்கிறத அவ படம் எடுத்துக்கிட்டிருந்தப்ப, அவன் இங்க...

கோட்டுக்குள்ள போன் அடிச்சுது.

"எங்கடி இருக்க?" மாத்ரியோனா அக்கா. "மிச்சில் வந்து புள்ளயக் கூட்டிட்டுப் போயிட்டான், சொல்லலாம்னுதான்."

"அக்கா..."

"கதவத் தட்டிட்டு வாசல்லயே நிக்கிறான். குளிர்ல நிக்கிறவன உள்ள வான்னு சொல்லாம இருப்பாங்களா? வந்தான். புள்ள ஓடிப்போய் ஒட்டிக்கிடுச்சு. உன்னத் தேடி ஏரிக்குத்தான் வர்றாங்க. போயி நேரமாச்சே, இன்னுமா வர..."

பேட்டரி போயிருச்சு.

நாரியா எந்திரிச்சா. கரையப் பாத்தா.

ரெண்டு பேரு வர்றாங்க. ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது. சின்னதுக்குச் செவப்புத் துப்பட்டி. கை கோத்துக்கிட்டு, மெதுவா, அவசரமே இல்லாம.

கடுக்கு கடுக்குங்கிற சத்தம் கேக்கணும். கேக்கல.

தூரத்துல மொகம் தெரியல. கேமராவத் தூக்கி உள்ள பாத்தா. செவப்புத் துப்பட்டி ஆடி ஆடித் தெரியுது. கண்ணு வச்ச எடத்துல அவ மூச்சே பட்டு, வெள்ளையா உறைஞ்சு மூடிக்குது. தொடைச்சா. திரும்ப வச்சா. பக்கத்துல வந்துட்டாங்க.

குன்னேய் மொகம். துப்பட்டியில உறைபனி இல்ல. இமையில இல்ல.

"சாமி, ஒரு மூச்சு. ஒரே ஒரு மூச்சு"ன்னு நாரியா வேண்டுனா.

புள்ள வாயத் தெறந்துச்சு.

"அம்மா! குளிரவே இல்லம்மா!"

வார்த்தை வந்துச்சு. காத்து சுத்தமா இருந்துச்சு.

நாரியா கேமராவ எறக்கல. எறக்கவும் முடியல. பத்தடி தள்ளி ரெண்டு பேரும் நின்னாங்க. பெரிய கையும் சின்னக் கையும் ஒண்ணா குவிஞ்சு, ஒண்ணா நீண்டுச்சு.

அந்த ஏரி மேல மூணு பேரு. புகை ஒண்ணுதான்.

அந்த ஒண்ணும், அவ வாயிலருந்து வெளிய வந்து, மேல போகாம, நூலு மாதிரி ஒல்லியா, அவ காலடிக்கு எறங்கிக்கிட்டிருந்துச்சு.