ஆறாத மூட்டை

ஏழாவது மூட்டை ஆறவில்லை.

நாலாம் நாள் காலையில் எந்த மூட்டையும் ஆறித்தான் போயிருக்க வேண்டும். சாணமும் வைக்கோலும் இறைச்சிக் கழிவும் ஒன்றையொன்று தின்று, புழுங்கி, வெந்து, வேகவேண்டியதெல்லாம் வெந்து முடிந்ததும் சாக்கு ஈரமண்ணைப் போலச் சில்லிட்டுவிடும். அப்புறம் அதைக் கவிழ்த்துக் கொட்டி, புதுக் கழிவைக் கலந்து, தண்ணீர் தெளித்து மறுபடி கட்டினால்தான் சூடு பிடிக்கும். இருபத்திரண்டு வருஷம் நகராட்சிக் குப்பைக்கிடங்கில் உரக்குவியல் புரட்டியவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிடங்கில் அவனுக்கு வைத்த பெயரே அடுப்பு.

அடுப்பு வெப்பக்கம்பியை ஆறாவது மூட்டையில் செருகினான். பதினாறு டிகிரி. எட்டாவதில் செருகினான். பதினைந்து. ஏழாவதில் மறுபடியும் செருகினான். முப்பத்தேழு.

கையுறையைக் கழற்றி உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். சாக்கின் மேல் போர்த்தியிருந்த பழைய பட்டாளத்துக் கோட்டுக்கு அடியில், சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறவனின் வயிற்றைப் போல அது மெத்தென்று இருந்தது. கையைச் சட்டென்று எடுத்துக் கால்சட்டையில் துடைத்தான். அழுகலுக்குள் முழங்கை வரை விட்டுப் பழகிய கை. அதற்கே கூசியது.

"என்னப்பா அடுப்பு, மூட்டைக்கு ஜுரமா?"

லாரிக்கார அக்கா இரண்டு கையிலும் வாளியோடு முகட்டில் ஏறி வந்துகொண்டிருந்தாள். அறுப்புக்கூடத்துக் கழிவை ஒருநாள் விட்டு ஒருநாள் ஏற்றி வருகிறவள். வாளி விளிம்பில் குடல் ஒன்று வழிந்து, அவள் நடைக்கு ஏற்ப ஆடியது.

"ஆறமாட்டேங்குதுக்கா."

"நல்லதாப் போச்சு. உனக்கு ஒரு மூட்டை வேலை மிச்சம், எனக்கு ரெண்டு வாளி மிச்சம். இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாங்களா?"

"மோந்து பாருங்களேன்."

"என்னையா? எனக்கு மூக்கு செத்து ஆறு வருஷமாச்சு. அந்த மூக்கு இருந்தா இந்த லாரிய ஓட்ட முடியுமா?"

அவனுக்கு மூக்கு இருந்தது. ஏழாவது மூட்டையில் அழுகல் நாற்றமே இல்லை. அதுதான் அவனை உறுத்தியது.

இந்த நாட்டுக்கென்று இருந்த பெரிய படை இந்த மலை மட்டும்தான். பக்கத்து நாட்டுக்காரன் பத்து மடங்கு பெரியவன். ஆனால் அவன் உள்ளே வரவேண்டுமானால் இந்தக் குறுகலான கணவாய் வழியாகத்தான் வரவேண்டும். பாறைக்குள் நாற்பது பேர் ஒளிந்திருந்தால் போதும், நாலாயிரம் பேரை நிறுத்திவிடலாம் என்று சொல்லிச் சொல்லியே மூன்று தலைமுறை நிம்மதியாகத் தூங்கியது. ஒளிய முடிந்த வரைக்கும் சரி. இப்போது எதிரிக்கு வானத்தில் கண் இருக்கிறது. இலை தழையை வெட்டி மேலே மூடினால், வெட்டிய இலை சாகிற நிறம் அதற்குத் தெரிகிறது. மண்ணைத் தோண்டினால் புதுமண் தெரிகிறது. ஒன்றுமே செய்யாமல் இருட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால், உட்கார்ந்திருக்கிறவனின் உடம்புச் சூடு தெரிகிறது. குளிக்கிற இடத்துச் சுவரில் ஓட்டை போட்டுப் பார்க்கிறவனையாவது பிடித்து உதைக்கலாம். இதை எங்கே போய் உதைப்பது? நினைக்கும்போதெல்லாம் அடுப்புக்கு முதுகுத்தோலில் யாரோ எச்சில் துப்பிவிட்டுப் போனது போல இருக்கும்.

நாற்பது பேர் மேற்குச் சரிவின் சுரங்கத்தில் இருந்தார்கள். வாசலில் ஈரச்சாக்குத் திரை, உள்ளே நெருப்பு கிடையாது. அவர்களை மறைப்பதற்காக, எதிரே கிழக்கு முகட்டில் பொய்யாக நாற்பது பேரை எதிரிக்குக் காட்ட வேண்டியிருந்தது. முதலில் டீசல் அடுப்பு வைத்துப் பார்த்தார்கள். இரண்டே நாளில் எதிரி கண்டுபிடித்துவிட்டான். மனுஷச் சூடு அப்படி ஒரே குத்தாக இருக்காது, அது கசிகிற சூடு. அழுகல்தான் அப்படிக் கசியும். அதனால் அடுப்பைக் கூட்டிவந்தார்கள். சாக்கில் அழுகலை அடைத்து, கோட்டுப் போட்டு, காற்றோட்டத்துக்கு ஒரு துளை விட்டு, நாற்பது மூட்டைகளைப் பதுங்குகுழியில் அவன் உட்கார வைத்தான். எதிரியின் பீரங்கிகள் அத்தனையும் இப்போது முகட்டைப் பார்த்து நின்றன. மூட்டைகள் ஆறினால் அவை திரும்பிவிடும். திரும்பினால் சுரங்கம். சுரங்கத்தில் அவன் தம்பி.

அதனால்தான் ராத்திரி பகலாக மூட்டைகளைச் சூடாக வைத்திருந்தான். சம்பளத்துக்காக அல்ல.

தம்பியோடு பேச ஒரு கம்பிபோன் இருந்தது. நடுவில் ஒரு சின்னப் பள்ளத்தாக்கு, கூப்பிடு தூரம்தான். கத்தத்தான் கூடாது.

"டேய், சாப்பிட்டியா?"

"ஆச்சுண்ணே. உன் பட்டாளம் எப்படி இருக்கு?"

"உங்களவிட ஒழுங்கா உக்காந்திருக்கு. ஒருத்தனும் லீவு கேக்கல."

தம்பி சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "அண்ணே, ஒரு கம்பளி அனுப்ப முடியுமா? ரெண்டு போத்தியும் பத்தல. உள்ளேர்ந்து குளிருது."

"உள்ளேர்ந்துன்னா?"

"எலும்புகிட்டேர்ந்து. நேத்துலேர்ந்து இப்படித்தான்."

கம்பளியை அக்காவிடம் கொடுத்துவிட்டான். திரும்பி வந்து ஏழாவது மூட்டையின் பக்கத்தில் உட்கார்ந்து பீடியை எடுத்தவன், பற்ற வைக்காமலே இருந்தான். காற்றுத்துளையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. உள்ளே போகும்போது ஒன்றும் இல்லை, வெளியே வரும்போது மட்டும் மெல்லிசாக ஒரு விசில். சின்ன வயதில் மாடிப்படியில் விழுந்து தம்பிக்கு மூக்குத்தண்டு உடைந்திருந்தது. பதினாறு வருஷம் ஒரே பாயில் படுத்துக் கேட்ட விசில் அது.

காற்று, என்று சொல்லிக்கொண்டான். காற்று அன்றைக்கு அடிக்கவில்லை.

மூன்று நாளில் பதினோரு மூட்டைகள் ஆறாமல் நின்றன. எல்லாம் முப்பத்தேழு. மழை பெய்தாலும் முப்பத்தேழு. குழியில் அழுகல் வாடை குறையக் குறைய வேறொன்று ஏறியது. பல பேர் நெருக்கிப் படுத்த அறையைக் காலையில் திறந்தால் வருமே, போர்வைக்குள் புழுங்கிய கழுத்தழுக்கும், துலக்காத வாயும், ஈரமாய்க் காய்ந்த உள்சட்டையும் சேர்ந்த வாடை, அது. குடல் நாற்றத்துக்கு நடுவே உட்கார்ந்து சோறு தின்றவன், இந்த வாடைக்கு வாந்தி எடுத்தான்.

வானத்துக் கண் ஒரு நாளைக்கு நாலு தடவை மேலே போகும். வடக்கிலிருந்து தெற்கே, பதினோரு நிமிஷம். அதன் நேரத்தைக் கணக்குப் போட்டுச் சொல்கிறவருக்குப் பஞ்சாங்கம் என்று பெயர். முன்னாள் சர்வேயர். நேரம் வந்ததும் கீழே தண்டவாளத் துண்டில் இரும்பால் மூன்று அடி அடிப்பார். உயிருள்ளது எல்லாம் ஈரத் தார்ப்பாய்க்கு அடியில் போய்விட வேண்டும்.

அன்று சாயங்காலம் மூன்று அடி கேட்டதும், அடுப்பு பாறை இடுக்கில் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு படுத்தான். விலகலின் வழியாக ஏழாவது மூட்டை தெரிந்தது. கோட்டுக்கு அடியில் என்னவோ நகர்ந்தது. புழுதான். புழு இல்லாத மூட்டை ஏது? ஆனால் புழு தன் இஷ்டத்துக்கு நெளியும். இவை மொத்தமாக, ஒரு முஷ்டி அளவு புடைப்பாக, சாக்கின் வடக்குப் பக்கத்தில் எழும்பின. மெதுவாக உச்சிக்கு வந்தன. மெதுவாகத் தெற்குப் பக்கம் இறங்கின. பக்கத்து மூட்டையிலும் அப்படியே. அதற்குப் பக்கத்திலும். பதினோரு நிமிஷம். மேலே போகிற கண்ணை உள்ளே இருந்து பார்ப்பது போல. விழிக்கோளம் இமைக்கு அடியில் உருள்வது போல.

மறுநாள் பஞ்சாங்கத்திடம் போனான்.

பஞ்சாங்கம் அவனைப் பேசவே விடவில்லை. வேறொரு நாட்டிடம் காசு கொடுத்து வாங்கிய வானத்துச் சூட்டுப் படத்தை மேசையில் விரித்து வைத்திருந்தார். கிழக்கு முகட்டில் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். மேற்குச் சரிவு கன்னங்கரேல்.

"பாருய்யா! போன மாசம் இங்க சாம்பல் கலர்ல ஒரு கறை இருந்துச்சு. பசங்க விடுற மூச்சு. எவ்வளவு சாக்கு போட்டும் மறையல. இப்ப பாரு, துடைச்சு வெச்ச மாதிரி. ஒரு எலி கூட உள்ள இல்லங்கிற மாதிரி இருக்கு!"

"சார், உள்ள நாப்பது பேர் இருக்காங்க."

"அதத்தான்யா சொல்றேன்!" அவர் வாயோரத்தில் எச்சில் நுரைத்திருந்தது. அதைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. "மூட்டையத் தொடாத. கிளறாத. எப்படி நடக்குதோ அப்படியே நடக்கட்டும்."

திரும்பி வரும்போது அக்கா லாரி மட்கார்டில் உட்கார்ந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவினாள், துடைத்தாள், மறுபடி கழுவினாள்.

"சுரங்கத்துக்குச் சாப்பாடு கொண்டு போனேன். நேத்து வெச்சது அப்படியே இருக்கு. ஒருத்தனும் தொடல. வரிசையா உக்காந்திருக்கானுங்க, கண்ணத் தொறந்துக்கிட்டு."

"தம்பி?"

"கையைப் புடிச்சேன்." அவள் மறுபடி சோப்பை எடுத்தாள். "ஐஸ்ல போட்ட மீனு மாதிரிப்பா. என்னைப் பாத்து நல்லாத்தான் பேசுது. ஆனா வாயிலேர்ந்து புகை வரல. இந்தக் குளிருல என் வாயிலேர்ந்து வருது, உன் வாயிலேர்ந்து வருது. அதுங்க வாயிலேர்ந்து வரல."

அடுத்த நாள் விடிவதற்குள் நாற்பது மூட்டையும் முப்பத்தேழு.

பள்ளத்தாக்கு முழுக்க உறைபனி படிந்து, சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்துக் கிடந்தது. அடுப்பு போனைச் சுற்றினான்.

"தம்பி."

"சொல்லுண்ணே." சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இழுப்பு இல்லை. பலகை பேசுவது போல இருந்தது.

"மூச்சு விடுறியாடா?"

"தேவைப்படலண்ணே."

பின்னால் ஏழாவது மூட்டை விசில் அடித்தது.

கண் வர இருபது நிமிஷம் இருந்தது. ஒரு மூட்டையைக் காலி பண்ணிப் புதுசாக நிரப்ப அவனுக்குப் பத்து நிமிஷம் போதும். ஒன்றே ஒன்று. தம்பியுடையதை மட்டும். பஞ்சாங்கம் கண்டுபிடித்தால் என்ன வேண்டுமானாலும் பண்ணட்டும். போனைக் கீழே வைக்காமல் கல்லின் மேல் விட்டுவிட்டு, சாக்குக் கத்தியை எடுத்துக் கோட்டை விலக்கி, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பாகக் கிழித்தான்.

சாணம் இல்லை. வைக்கோல் இல்லை. புழு. புழு மட்டும். விரல் தடிமனில், இளஞ்சிவப்பாக, வியர்வை பூத்து, ஒன்றோடொன்று ஒட்டி, தோலுரித்த சதை போல ஒரே துடிப்பாகத் துடித்துக்கொண்டு அது முழங்கால் மேல் சரிந்தது. சூடு. வாய்ச்சூடு. அவன் அலறப்போனான். வாயைக் கையால் பொத்தினான். கையிலும் அது.

கீழே விழுந்தவை கலையவில்லை. திரும்பின. மேற்கே.

பனியின் மேல் இறங்கின. அவை போன இடமெல்லாம் பனி உருகிக் கறுப்பாகியது. புழு இவ்வளவு வேகமாகப் போகாது. போனது.

போனில் தம்பியின் குரல். "அண்ணே!" மூச்சோடு. சின்னப் பையன் போல. "வருதுண்ணே! சூடு வருது!"

"சொல்லுடா! நல்லா இருக்கியா?"

"கால் விரல் தெரியுதுண்ணே. எல்லாருக்கும் கொண்டா. எல்லாரும் கேக்கறாங்க."

சாக்குகள் கிழியும் சத்தம் பின்னால் கேட்டது. அவன் கத்தி கையில்தான் இருந்தது. எட்டாவது. ஒன்பதாவது. பத்தாவது. உள்ளிருந்து.

முப்பத்தொன்பதும் சரிந்தன. முகடு வழிந்தது. ஒரு ஆள் அகலம் இருந்தது வண்டி அகலமாகியது. பள்ளத்தாக்கில் இறங்கி, மேற்குச் சரிவில் ஏறியது. வளையவில்லை. ஒரு பாறையைக்கூடச் சுற்றவில்லை. ஏறிப் போனது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

மேலே இருந்து பார்த்தால்.

கீழே தண்டவாளம். ஒரு அடி. இரண்டு. மூன்று.

ஓடினான். மிதித்தான். பிதுங்கியது, வழுக்கியது, வாயில் தெறித்தது, மிதித்தான். பனியை வாரிப் போட்டான். உருகியது. சட்டையைக் கழற்றிப் பெருக்கினான். கடைசியில் குறுக்கே விழுந்து படுத்தான், அணை போல. கழுத்தில் ஏறியது. காதுக்குள் ஈரமாக நுழைந்து பார்த்து, வெளியே வந்து, தாண்டியது. அவசரமே இல்லாமல் தாண்டியது.

தலையை மட்டும் தூக்கினான்.

வெள்ளைப் பள்ளத்தாக்கின் நடுவே, முகட்டிலிருந்து மேற்குச் சரிவு வரை, ஆவி விட்டுக்கொண்டு ஒரே நேரான கறுப்புக் கோடு. அதன் நுனி ஈரச்சாக்குத் திரையைத் தூக்கிக்கொண்டு மலைக்குள் நுழைந்திருந்தது. திரை உள்ளே இழுபட்டது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு வெளியே உப்பியது. ஒரு வீடு உயரத்துக்கு வெள்ளைப் புகை எழும்பி, காற்றில்லாத வானத்தில் கலையாமல் நின்றது.

மறுபடி உள்ளே இழுபட்டது.