"சமயநல்லூர்…" என்றது ரேடியோ

"சமயநல்லூர்…" என்றது பூங்கா ரேடியோ. அதோடு நின்றுவிட்டது.

கம்பத்தின் மேலிருந்த ஒலிக்குழாயையே பார்த்துக்கொண்டிருந்த சின்னத்தாய்க்கு மூச்சே நின்றது போலிருந்தது. பர்மாச் சண்டைக்குப் போன அண்ணன் முத்துக்கருப்பனிடமிருந்து மாதக்கணக்காகக் கடிதம் இல்லை. வெள்ளிக்கிழமை மாலைகளில் பட்டாளத்துக்காரர்களின் சேதியை ஊர் பேர் சொல்லி வாசிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, சித்தி மாயக்காளோடு சிம்மக்கல் பூங்காவுக்கு வந்திருந்தாள். இந்த நேரம் பார்த்தா…

வீதியில் சுவாமி புறப்பாடு. மேளம் கேட்டால் ரேடியோவை நிறுத்துவது அந்தப் பூங்காவின் வழக்கம். எல்லோரும் எழுந்து கைகூப்பினார்கள். அவளும் கூப்பினாள். 'சாமி, கொஞ்சம் பிந்தி வந்திருக்கக் கூடாதா?'

பல்லக்கு நகர்ந்ததும் ரேடியோ அறைக்கு ஓடினாள். வாசலில் நகராட்சியின் ரேடியோக்காரன் வெள்ளைத்துரை நின்றிருந்தான். இளைஞன்.

"ஏங்க, ஒரு நொடி பொறுக்கக் கூடாதா? எங்கூருப் பேரைச் சொன்னாகளே!"

"சாமி வந்துச்சே…" தடுமாறினான் அவன். அவளுக்குத்தான் எவ்வளவு பெரிய கண்கள்! மழைக்கு முந்திய வானம் போல… இதோ பெய்துவிடும் போல…

"எங்கண்ணன் முத்துக்கருப்பன் நல்லாருக்காகளா, இல்லையா? அதையாச்சும் சொல்லுங்க."

"மேக்கொண்டு நான் கேக்கலையே…"

மாயக்காள் அவன் பக்கம் சாய்ந்தாள். "நல்லாருக்கான்னு ஒரு வார்த்தை சொல்லிரு தம்பி. புள்ள இன்னைக்காச்சும் தூங்கட்டும்."

சொல்லிவிடலாம்தான். நுனிநாக்கு வரை வந்துவிட்டது. ஆனால் கொஞ்சம் முன்புதானே இந்தக் கை சுவாமியைக் கும்பிட்டது?

"கேக்காததைக் கேட்டேன்னு சொல்லமாட்டேன்த்தா. நாளைக்கு வேற சேதி வந்தா, இவுக யாரை நம்புவாக?"

"ஆமா, இம்புட்டு உத்தமரு! ரேடியோவைத் திருகி நிறுத்த மட்டும் கை துடிக்குது!" சின்னத்தாய் விருட்டென்று திரும்பி நடந்தாள்.

அடுத்த வெள்ளி வந்தாள். ஆனால் உள்ளே நுழையவில்லை. வேலிக்கு வெளியே, வேப்பமரத்தடியில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தூறல். ரேடியோவின் குரல் பாதி காற்றோடு போயிற்று… திடீரென்று அதே குரல் காதருகே கணீரென்று ஒலித்தது. திரும்பினாள். நனைந்தபடி ஏணியில் நின்று, குழாயை அவள் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான் அவன்.

"மாப்ள! குழாய் எங்கிட்டுப் பாக்குது? நாங்கெல்லாம் ஆளாத் தெரியலையா?" என்று உள்ளேயிருந்து ஒருவர் கத்தினார்.

"அங்கிட்டும் ஆளு நிக்குதுண்ணே!"

சிரிக்கக் கூடாதென்றுதான் இருந்தாள். உதடு கேட்கவில்லை. அன்றும் அண்ணன் பேர் வரவில்லை. ஆனாலும் பஸ் ஏறும்போது, பாரத்தில் பாதியை யாரோ வாங்கிக்கொண்டது போலிருந்தது.

அதற்கடுத்த வெள்ளி பேய்மழை. பஸ் இல்லை. வீட்டுக்குள்ளேயே நடந்து நடந்து அவள் கால் ஓய்ந்தது. 'இன்னைக்குச் சொல்லிட்டா? ஐயோ, இன்னைக்குப் பாத்துச் சொல்லிட்டா?' விளக்கேற்றி வெகுநேரமான பிறகு வாசலில் சைக்கிள் மணி. எட்டிப் பார்த்தாள். சொட்டச் சொட்ட வெள்ளைத்துரை!

நல்ல சேதிக்கா இந்த மழையில் இவ்வளவு தூரம் வருவார்கள்?

"சமயநல்லூர் காளை மகன் முத்துக்கருப்பன்…" அவனுக்கு மூச்சிரைத்தது. "கால்ல காயமாம். ஆசுபத்திரியில சொகமா இருக்காராம். கவலப்படாதீகன்னு சொல்லச் சொன்னாராம். என் காதால கேட்டேன்."

அப்பா காளை அவன் தோளைப் பற்றினார். "நெசமாவா? ஆறுதலுக்குச் சொல்றியா தம்பி?"

"இல்லைய்யா." சின்னத்தாய்தான் சொன்னாள். கண்ணில் மழை பெய்துகொண்டிருந்தது. "இவுக கேக்காததைச் சொல்லமாட்டாக."

காளை சாமிக்குச் சூடம் ஏற்ற உள்ளே ஓடினார். மாயக்காளும் கூடவே போனாள். வாசலில் இருவர் மட்டும். அண்ணனுடைய துண்டை எடுத்து அவனிடம் நீட்டினாள். அவன் தலை துவட்டவில்லை… கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"இனிமே வெள்ளிக்கிழமை வரமாட்டீகளே…"

"எதுக்கு வரணும்?"

"வேலியோரம் ஆளில்லேன்னா… குழாயை எங்கிட்டுத் திருப்புறதுன்னு எனக்குத் தெரியாதே."

அவள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கண்ணன் வரட்டும். அவுககிட்டக் கேளுங்க."

"என்னன்னு கேக்க?"

"கேக்காததைத்தான் சொல்லமாட்டீக. மனசுல இருக்கிறதையுமா சொல்லத் தெரியாது?"

உள்ளே ஓடினாள். கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"அதுவரைக்கும்… குழாய் வேலிப்பக்கமே இருக்கட்டும். நான் வாரேன்."