முப்பது கட்டைவிரல்

வெளிக்கடல் பாறைமேடான வெளிப்பாரில் சூரை மீன் மொய்க்கிறது என்ற சேதி பதினொரு படகு தாவி, ஊர்த்தலைவர் நாட்டார் வீட்டுக் கூரை தாவி, விடிந்ததும் விடியாததுமாகக் குணவதியின் அடுப்படியில் வந்து விழுந்தது.

“எல்லாரும் கிளம்பியாச்சாம். நான்தான் கடைசி,” என்று அவள் புருஷன் மாசிலன் கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான்.

“வெளிப்பாருக்குப் பத்து கிலோமீட்டர் இருக்கே. எல்லாரும் அங்கேயே போயிட்டா நடுவுல யாருங்க இருப்பாங்க?”

“எவனாவது இருப்பான். பெட்டி பழுது பார்க்கிறவளுக்கு எப்பப் பாரு நடுவு, நடுவு. மீனு நடுவுலயா இருக்கு?”

பெட்டி என்றால் கைமாற்றி. கழிமேட்டுக்குப்பத்தில் அது இல்லாத ஆள் கிடையாது. அலைபேசிக் கோபுரங்கள் மூன்றாவது பெரும்புயலில் சாய்ந்த பிறகு, அவற்றைத் திரும்ப நட்டுத்தர எவரும் இந்தப் பக்கம் வரவில்லை. கைமாற்றிக்குக் கோபுரம் வேண்டாம். உள்ளங்கை அகலம்தான், சூரியப்படகின் கம்பத்து உச்சியில் கட்டினால் ஐந்து கிலோமீட்டர் எட்டும். அதற்கு மேல் போகப் பக்கத்துப் பெட்டியின் தயவு வேண்டும். கல்யாணப் பந்தியில் கடைசி இலையில் உட்கார்ந்து ரசம் கேட்கிறீர்கள். பக்கத்தில் இருப்பவர் அடுத்தவரிடம் சொல்ல, அவர் அடுத்தவரிடம் சொல்ல, வாளி வந்துவிடுகிறது அல்லவா, அதே வேலைதான். “மாசிலனை எட்டுகிறவர் யார்?” என்ற கேள்வி முதலில் எல்லாப் பக்கமும் பரவும். எட்டுகிற பெட்டி “நான்” என்று சொல்லும். கேள்வி போன தடத்திலேயே பதில் திரும்பி வரும். அந்தத் தடம்தான் பாதை. படகுகள் நகர நகரப் பாதை அறுந்துபோகும். அறுந்த இடத்தில் வேறொன்று முளைக்கும். எந்த வழியும் அகப்படாவிட்டால் பெட்டி சிவப்பாக இரண்டு சொல் காட்டும்: பாதை இல்லை.

ஊரார் பேச்சைச் சுமந்தால் நம் பெட்டியின் மின்கலம் தீருமே! அதனால் சில சாமர்த்தியசாலிகள் தங்கள் பெட்டியைத் திருத்தி, தமக்கு வேண்டியதை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதை விழுங்கிவிடும்படி செய்தார்கள். அதற்குத்தான் புகார் பொத்தான் வந்தது. அதில் எழுதியிருப்பது ஒன்றே ஒன்று: ‘கேட்டார், கடத்தவில்லை.’ ஒருவர் அழுத்தினால் அவருடைய பெட்டி மட்டும் அந்த ஆளை ஒதுக்கும். மூன்று பேர் அழுத்தினால் ஊர்ப் பெட்டிகள் மொத்தமும் ஒதுக்கும். அவன் பேசுவது அவற்றின் காதில் விழும், ஆனால் ஏற்காது. மூன்று நாளில் புகார் தானாக உதிர்ந்துவிடும். அதற்குள் ஆள் வழிக்கு வந்திருப்பான். நியாயமான ஏற்பாடு. யாரும் குறை சொல்லவில்லை.

அந்த ஏற்பாட்டின் மேல்தான் இரண்டு மாதத்துக்கு முன் ஊர்க்கூட்டத்தின் கண் விழுந்தது.

குணவதியின் தம்பி தேசிங்கு, ஊரார் போடும் சுருக்குமடி வலையைப் பற்றி மீன்துறைக்கு எழுதிப்போட்டிருந்தான். குஞ்சு குருமான்களைக்கூட விடாமல் அள்ளும் வலை அது. போடக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. அதிகாரிகள் வந்து பதினான்கு வலைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். அன்றைக்கே கோயில் வாசலில் கூட்டம் கூடியது. தேசிங்கோடு யாரும் பேசக்கூடாது. அவன் படகு ஊர்க்கரையில் ஏறக்கூடாது. கூட்டத்தோடு சேர்ந்து வலை வீசவும் கூடாது. இவ்வளவும் அவர்கள் தாத்தா காலத்துக் கட்டுப்பாடுதான். ஊர்த்தலைவரான நாட்டார் கலியமூர்த்தி புதிதாக ஒன்றைச் சேர்த்தார்.

“குணா, அவன் பெட்டியையும் விலக்கி வெச்சிடு.”

“புகார் மூணு நாள்ல உதிர்ந்திடும், பெரியப்பா.”

“உதிராத மாதிரி பண்ணு. வீட்டுக்கு ஒருத்தரா நாப்பது தலைக்கட்டும் விரல் வெக்கிறோம். எடுக்கணும்னாலும் முப்பது பேரு விரல் வெச்சாத்தான் எடுக்கணும். நாளைக்கு எவளாவது கூடப்பிறந்தவன்னு இரக்கப்பட்டு அழிச்சிடக்கூடாது பாரு.”

கூட்டம் சிரித்தது. குணவதி சிரிப்பு ஓயும்வரை காத்திருந்து கேட்டாள்: “ஆம்பளைங்க பாதிநாள் கடல்ல இருக்கீங்க. பொம்பளைங்க விரலையும் சேர்த்துக்கட்டுமா?”

“தலைக்கட்டுன்னா ஆம்பளைதான் ஆத்தா. உங்க விரலு மீன் அரியட்டும்.”

முதல் விரல் வைத்தவன் மாசிலன். மச்சினனுக்குப் பரிந்துகொண்டான் என்று பேர் வந்துவிடக்கூடாதே என்ற பயம் அவனுக்கு. குணவதி செய்துகொடுத்தாள். செய்யாவிட்டால் அவள் வீட்டையும் சேர்த்து விலக்கியிருப்பார்கள். இதை அவள் தனக்குத்தானே எத்தனை முறை சொல்லிக்கொண்டாள் என்பதைக் கணக்கில் வைக்க முடியாது.

கரையும் இல்லை, கூட்டமும் இல்லை என்று ஆனவனுக்கு மிஞ்சியது நடுக்கடல். கரைக்கும் வெளிப்பாருக்கும் இடையில் எவரும் வலை போடாத ஒரு மணல் திட்டு உண்டு. தேசிங்கு அங்கே நங்கூரம் போட்டுக்கொண்டு படகிலேயே சமைத்து, படகிலேயே படுத்தான்.

சூரைக்குப் போன அன்று பகல் ஒரு மணிக்கு, உள்நாட்டிலிருந்து வீட்டுக்கு வீடு தாவி, வானிலைச் சேதி குப்பத்துக்கு வந்தது. நாலரை மணிக்குள் வெளிக்கடலில் கடுஞ்சுழல். எல்லாரும் கரை திரும்ப வேண்டும்.

குணவதி பெட்டியை எடுத்து மாசிலனைக் கூப்பிட்டாள். பாதை இல்லை. பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட்டாள். பாதை இல்லை. பழுது பார்க்கும் பலகையைத் திறந்தாள். எங்கெங்கே எந்தப் பெட்டி இருக்கிறது என்று, கடைசியாகக் கேட்டதையும் இப்போது கேட்பதையும் வைத்து அது புள்ளி போட்டுக் காட்டும். முப்பத்தைந்து படகும் வெளிப்பாரில், காலையில் கேட்டபடி, மங்கலாக. இந்தப் பக்கம் கரை. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு புள்ளி, கறுப்பாக. மணல்திட்டில் ஒரு கம்பம் நட்டு அதன் உச்சியில் பெட்டியைக் கட்டியிருந்தான் தேசிங்கு. அதன் குரல் கரையையும் எட்டியது, வெளிப்பாரையும் எட்டியது. கூட்டம் அவனைத் தள்ளிவைத்த இடம், ஊருக்கும் ஊர் ஆண்களுக்கும் இடையில் இருந்த ஒரே படியாக ஆகியிருந்தது.

பலகையின் ஒலிப்பானைக் காதில் வைத்தாள். மற்ற பெட்டிகள் தள்ளிவிடுவதும் அதில் கேட்கும். தம்பியின் குரல் வந்தது.

“அக்கா கூப்பிடறதும் வானிலைச் சேதியும் எனக்குக் கேக்குது. நானும் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன். எவன் பெட்டியும் எடுக்க மாட்டேங்குது. மச்சான், கேக்குதா? சுழல் வருது. மச்சான்!”

குணவதி நாட்டார் வீட்டுக்கு ஓடினாள். அவருடைய இரண்டு பிள்ளைகளும் வெளிப்பாரில்தான் இருந்தார்கள். சேதியைக் கேட்டதும் அவர் வேட்டியைக்கூடச் சரியாகக் கட்டாமல் வெளியே வந்தார்.

“ஒரு படகை அனுப்பு. நடுவுல போயி நின்னா போதும்ல?”

“கரையில படகு ஏது பெரியப்பா? கிடக்கிற ரெண்டுலயும் மின்கலம் இல்ல. விலக்கை எடுத்தாப் போதும். விலக்கு எடுக்கிற ஓலையை மட்டும் யார் வழியா வந்தாலும் பெட்டிங்க ஏத்துக்கும், தேசிங்கு வழியா வந்தாலும். முப்பது விரல் முத்திரை அதுல இருக்குமில்ல, அதனால. அந்தப் பக்கத்துப் பெட்டிங்களும் அவனை ஏத்துக்கிட்டா மறுநிமிஷம் சேதி போயிடும்.”

“அப்ப எடு!”

“விரல் வையுங்க.”

அவர் வைத்தார். படுக்கையில் கிடந்த இரண்டு கிழவர்கள் வைத்தார்கள். கால் ஒடிந்தவன் ஒருவன், கண் தெரியாதவர் ஒருவர். ஐந்து. அதற்குள் தெருவில் பெண்கள் கூடிவிட்டார்கள். “எங்களுதையும் வெச்சுக்க குணா!” என்று நாட்டாரின் மூத்த மருமகள் தனபாக்கியம் பெட்டியைப் பிடுங்கித் தன் கட்டைவிரலை அழுத்தினாள். மீன் செதில் ஒட்டியிருக்கிறதோ என்று சேலையில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். பெட்டி பொறுமையாக ஒவ்வொரு தடவையும் சொன்னது: தலைக்கட்டு அல்ல. இன்னும் இருபத்தைந்து தேவை.

“உடைச்சு எறி அதை! நீதானே செஞ்ச, நீயே அழி!”

“தனியா யாரும் அழிக்கக்கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க. அப்படியேதான் செஞ்சேன், பெரியப்பா. நல்லாத்தான் செஞ்சேன்.”

அந்த இருபத்தைந்து விரல்களும் வெளிப்பாரில் சூரை இழுத்துக்கொண்டிருந்தன.

நாட்டார் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். குணவதி பலகையைப் பார்த்தாள். கறுப்புப் புள்ளி நகர்ந்தது. கரைப்பக்கமாக அல்ல. கம்பத்தோடு பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, தேசிங்கு வெளிப்பாரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். பெட்டி ஏற்காவிட்டால் வாயால் சொல்லலாம் என்று நினைத்திருப்பான். இரண்டரை மணிக்குப் புள்ளி எல்லை தாண்டி மறைந்தது.

நான்கு மணிக்குக் கடலின் கீழ்க்கோடி கறுத்தபோது, ஒரே ஒரு படகு கரைக்கு வந்தது. மாசிலன்.

குணவதி கழுத்தளவு தண்ணீரில் போய் அவனைக் கட்டிக்கொண்டாள். பெண்கள் எல்லாரும் அவனைச் சூழ்ந்து கேட்டார்கள். “வயித்து வலி, முன்னாடியே திரும்பிட்டேன். மத்தவங்க பின்னால வருவாங்க,” என்றான். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

வீட்டுக் கதவைச் சாத்தியபிறகு அவள் துண்டை நீட்டியபடி கேட்டாள். “வலி எங்கங்க?”

அவன் துண்டை வாங்கிக்கொண்டான். கூரை படபடக்க ஆரம்பித்தது.

“தேசிங்கு வந்தானா?”

“வந்தான்.”

“சொன்னானா?”

“பத்தடி தூரத்துல வந்து கத்தினான். ‘என்கிட்ட நீ பேச வேணாம் மச்சான், ஒன் பெட்டியில ஒரு வார்த்தை நீயே சொல்லிடு, முப்பத்திநாலு பேருக்கும் போயிடும்’னான். சொல்லிட்டு அடுத்த படகுக்குப் போயிட்டான்.”

“சொன்னீங்களா?”

“யாரு சொன்னான்னு கேப்பாங்கல்ல?” அவன் குரல் உயர்ந்தது. “வானம் அப்ப பளிச்சுனு இருந்துச்சு. விலக்குல இருக்கிறவன் பேச்சைக் கேட்டேன்னு நம்மளையும் விலக்கி வெச்சிடுவாங்க. ஏற்கெனவே உன் தம்பின்னு என்மேல ஒரு கண்ணு. நான் வந்துட்டேன்ல? உனக்கு நான் வந்தது போதாதா?”

“அப்ப பெட்டியில எதுவுமே பேசலையா?”

“வயித்து வலின்னு சொன்னேன்.”

பாதை இருந்திருக்கிறது. முப்பத்து நான்கு பேருக்கும் நல்ல பாதை. அதன்வழியே அவன் அனுப்பியது அந்த ஒரு பொய்.

மூன்று நாளில் பதினொரு பேர், கவிழ்ந்த படகையும் மிதவையையும் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். மற்றவர்கள் வரவில்லை. நாட்டாரின் பிள்ளைகள் இருவரும் வரவில்லை. தேசிங்கும் வரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கூட்டம் கூடியது. திரும்பி வந்த ஒருவன் எழுந்து நின்றான். “தேசிங்கு எங்கிட்டயும் வந்தான். வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே முகத்தைத் திருப்பிக்கிட்டு மோட்டாரை முறுக்கிட்டேன். கட்டுப்பாடு ஆச்சே. பின்னாலயே கொஞ்ச தூரம் வந்தான். என்ன கத்தினான்னு கேக்கல.” உட்கார்ந்துவிட்டான்.

“செத்தவனையாவது ஊரோட சேத்துக்குவோம்,” என்றார் நாட்டார். “விலக்கை எடுக்கிறோம்.”

எல்லாரும் விரல் வைத்தார்கள். கரையில் இருந்த ஐந்தும், மாசிலனோடு சேர்த்துத் திரும்பி வந்த பன்னிரண்டும் பதினேழு. பெட்டி சொன்னது: இன்னும் பதின்மூன்று தேவை. செத்துப்போன விரல்களைச் சம்மதிக்காத விரல்களாகவே அது எண்ணிக்கொண்டிருந்தது. எண்ணிக்கொண்டேதான் இருக்கும்.

பெட்டியைக் கீழே வைத்தார்கள். பிறகு நாட்டார் மாசிலன் தோளில் கைவைத்தார். “வயித்து வலியக் குடுத்து உன்னைய மட்டும் சாமி காப்பாத்திடுச்சுப்பா.”

“ஆமாங்க,” என்றான் மாசிலன்.

பெண்கள் பக்கத்தில் நின்றிருந்த குணவதி அதைக் கேட்டாள். அவள் முன்னால் வந்து எதுவும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அந்த ஊரில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? வீட்டுக்குப் போய்த் தன் பெட்டியை எடுத்தாள். கட்டுப்பாடு வைக்கத்தான் தலைக்கட்டு வேண்டும். சாதாரணப் புகாருக்கு எந்தப் பெட்டிக்காரியின் விரலும் செல்லும். மாசிலன் பெயரைத் தேடி எடுத்து, ‘கேட்டார், கடத்தவில்லை’ என்பதில் கட்டைவிரலை வைத்தாள். உடனே ஏற்றுக்கொண்டது.

மூன்று நாளில் அது உதிர்ந்தது. அவள் மறுபடி வைத்தாள். மாசிலன் கடலிலிருந்து கூப்பிட்டால் ஊரில் எல்லாருக்கும் கேட்கும், அவளுக்கு மட்டும் கேட்காது. அவன் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை. சோறு போட்டாள்.

ஒருநாள் தனபாக்கியம் பெட்டியைப் பழுது பார்க்கக் கொண்டுவந்தாள். தாலி இல்லாத கழுத்து வெறுமையாக இருந்தது. உட்கார்ந்திருந்தபோது குணவதியின் பெட்டியில் மாசிலன் பெயர் சிவப்பாக மின்னி அணைந்ததைப் பார்த்துவிட்டாள்.

“ஏக்கா, அண்ணன் கூப்பிடுது, உன் பெட்டி எடுக்கலையே. கெட்டுப்போச்சா?”

“கெடல.”

“சண்டையா?”

குணவதி பெட்டியை அவள் மடியில் வைத்தாள். தனபாக்கியம் எழுத்துக் கூட்டிப் படித்தாள். முதல் புகாரின் தேதியைப் பார்த்தாள், கூட்டம் நடந்த நாள். இன்னொரு முறை படித்தாள். எதைக் கேட்டான், எதைக் கடத்தவில்லை என்று அவள் கேட்கவே இல்லை. வயிற்று வலி, பளிச்சென்ற வானம், முன்கூட்டியே திரும்பிய ஒரே படகு எல்லாம் அவள் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து உட்கார்வதை குணவதி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேண்டாம் தனம்,” என்றாள் கடைசியில். “இதுலதானே நாம அழிஞ்சோம்.”

தனபாக்கியம் தன் பெட்டியை எடுத்தாள். மாசிலன் பெயரில் கட்டைவிரலை வைத்தாள். பெட்டி ஒருமுறை பச்சையாக ஒளிர்ந்தது: புகார் இரண்டு. இன்னும் ஒன்று தேவை.

வாசலில், தண்ணீர் எடுத்துக்கொண்டு, ஆண் திரும்பாத மற்ற இருபத்திரண்டு வீட்டுப் பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.